பனிக்கட்டி செய்த பாதிரியார் மகன்

காஞ்சிபுரத்துக்கு மேற்கே இருக்கிறது தாமல். சென்னையில் இருந்து பெங்களூர் போகும் பெரிய சாலை அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. வராகீசுவரர் கோவிலால் பெயர் பெற்ற ஊர். பெரிய ஏரியும் உண்டு.

சித்திரை மாதத்து வெயில். பகல் 12 மணி. சாலை ஓரத்துக் கடையில் ஒரு குளிர்பெட்டி. உள்ளே சோடா, மோர், குழந்தைகளுக்கு ஐஸ் கிரீம். பெட்டிக்குப் பின்னால் ஏதோ ஒன்று "உர்" என்று ஓடிக்கொண்டு இருக்கிறது. திடீர் என்று "டொக்" என்று ஒரு சத்தம். ஓட்டம் நின்றுவிட்டது. கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பத்து நிமிடம் போனதும் அது தானாகவே மறுபடி ஓடத் தொடங்குகிறது.

அதை நிறுத்தியது யார்? மறுபடி ஓட்டியது யார்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, ஜெர்மனி நாட்டில் பிறந்த ஒரு பாதிரியார் மகனின் கதையைச் சொல்ல வேண்டும். அவர் பெயர் கார்ல் லிண்டே.

கப்பலில் வந்த பனிக்கட்டி

முதலில் சென்னையைப் பார்ப்போம். மெரினா கடற்கரைக்கு எதிரே வட்டமான முகப்புடன் ஒரு கட்டிடம் நிற்கிறது. இன்று அதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர். 1897-ல் விவேகானந்தர் அங்கே தங்கினார். ஆனால் வயதானவர்களைக் கேட்டால் "ஐஸ் ஹவுஸ்" என்றுதான் சொல்வார்கள்.

அது உண்மையிலேயே ஐஸ் வைக்கக் கட்டிய வீடுதான். கட்டிய ஆண்டு 1842.

ஐஸ் எங்கே இருந்து வந்தது? அமெரிக்காவில் இருந்து! பாஸ்டன் நகரத்து வியாபாரி பிரடெரிக் டியூடர் என்பவர், குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும் ஏரிகளையும் குளங்களையும் ரம்பம் போட்டு அறுத்தார். கட்டி கட்டியாகக் கப்பலில் அடுக்கினார். உருகாமல் இருக்க மரத்தூளைக் கொட்டினார். சூயஸ் கால்வாய் அப்போது கிடையாது. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு நான்கு மாதம் கப்பல் வர வேண்டும். 1833-ல் கல்கத்தாவுக்கு அவர் அனுப்பிய முதல் கப்பலில் 180 டன் ஐஸ் ஏற்றினார்கள். வந்து சேர்ந்தது சுமார் 100 டன். மிச்சம் வழியிலேயே தண்ணீராகப் போயிற்று. அப்படியும் டியூடர் லாபம் பார்த்தார்!

ஐஸ் வாங்கியவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரத் துரைமார்கள். ஏழை எளியவர்கள் ஐஸ்கட்டியைக் கண்ணால் பார்த்திருந்தாலே அதிசயம்.

சென்னையில் அந்த ஐஸ் வீடு எழும்பிய அதே 1842-ம் ஆண்டு, ஜூன் மாதம் 11-ந் தேதி, ஜெர்மனியில் பவேரியாவைச் சேர்ந்த பெர்ண்டார்ப் என்ற சிற்றூரில் லிண்டே பிறந்தார். அமெரிக்க ஐஸ் வியாபாரம் படுத்துப் போனதற்குக் காரணமானவர்களில் இவரும் ஒருவர். டியூடருக்கு இது தெரிய வழி இல்லை. அவர் 1864-ல் இறந்துவிட்டார்.

விரட்டப்பட்ட மாணவர்

லிண்டேயின் தகப்பனார் கிறிஸ்தவ பாதிரியார். வீட்டில் ஒன்பது குழந்தைகள். இவர் மூன்றாவது. மகனும் பாதிரியார் ஆக வேண்டும் என்பது வீட்டாரின் எண்ணம்.

குடும்பம் கெம்ப்டன் என்ற ஊருக்குக் குடி போயிற்று. பக்கத்தில் ஒரு பஞ்சாலை இருந்தது. அதன் நிர்வாகியின் பிள்ளை லிண்டேயின் சிநேகிதன். சிநேகிதனைப் பார்க்கப் போகும் சாக்கில் லிண்டே எந்திரங்களைப் பார்த்தார். ஓடும் சக்கரங்கள் பையனின் மனதை இழுத்துக்கொண்டன. வேத பாடம் வேண்டாம், எந்திரப் படிப்புதான் வேண்டும் என்று நின்றார். ஒன்பது பிள்ளைகள் பெற்ற தகப்பனார் ஒத்துக்கொண்டார். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம்.

1861-ல் சுவிட்சர்லாந்து நாட்டில் உள்ள சூரிச் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த ஆசிரியர்கள் சாதாரணமானவர்கள் அல்ல. ஒருவர் கிளாசியஸ். வெப்பம் தானாக ஓடினால் சூடான இடத்தில் இருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் ஓடும், எதிர்த்திசையில் ஓடாது என்ற விதியை வகுத்தவர். மேட்டில் இருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் ஓடுவது போலத்தான் இதுவும். பள்ளத்துத் தண்ணீரை மேட்டுக்குக் கொண்டுபோக ஏற்றம் இறைக்க வேண்டும் அல்லவா? குளிர்ந்த பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தை வெளியே கொண்டுவரவும் அப்படித்தான் உழைக்க வேண்டும். இந்தப் பாடம் லிண்டேயின் மனதில் ஆழப் பதிந்தது.

ஆனால் படிப்பு முடியவில்லை. 1864-ல் மாணவர்கள் கிளர்ச்சி செய்தார்கள். லிண்டேயும் அதில் கலந்துகொண்டார். கல்லூரி அவரை வெளியே அனுப்பிவிட்டது. பட்டம் இல்லை. கையில் காசும் இல்லை.

ரூலோ என்ற பேராசிரியர் மட்டும் இந்த மாணவரைக் கைவிடவில்லை. தொழில் பழக ஓர் இடம் பார்த்துக் கொடுத்தார். எந்த இடம் தெரியுமா? சிறு வயதில் லிண்டே வேடிக்கை பார்த்த அதே பஞ்சாலை!

பிறகு பெர்லின் நகரில் போர்சிக் என்ற புகழ் பெற்ற கம்பெனியில் வேலை. 1866-ல் மியூனிச் நகரில் ரெயில் என்ஜின் செய்யும் கிராஸ் தொழிற்சாலையில் தொழில்நுட்பப் பிரிவின் தலைவர். அதே ஆண்டு ஹெலன் என்ற பெண்ணை மணந்தார். ஆறு குழந்தைகள் பிறந்தன.

1868-ல் மியூனிச்சில் புதிதாகத் தொழில்நுட்பக் கல்லூரி திறந்தார்கள். ஆசிரியர் வேலைக்கு லிண்டே மனுப் போட்டார். பட்டம் பெறாதவர் பேராசிரியர் ஆனார்! அப்போது வயது 26. மாணவர்கள் கையால் எந்திரத்தைத் தொட்டுப் பழக வேண்டும் என்று ஒரு சோதனைச் சாலையும் அமைத்தார். டீசல் என்ஜினைக் கண்டுபிடித்த ருடால்ப் டீசல் அங்கேதான் படித்தார். கரியை எரித்து வரும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூட நீராவி என்ஜினில் வேலையாக மாறுவது இல்லை என்று லிண்டே வகுப்பில் சொன்னதுதான் டீசலைத் தூண்டிவிட்டது.

மெழுகில் இருந்து பீருக்கு

1870-ல் ஒரு போட்டி அறிவிப்பு லிண்டேயின் கண்ணில் பட்டது. பாரபின் மெழுகைக் குளிர வைத்துக் கட்டியாக்க நல்ல எந்திரம் வேண்டும் என்பது போட்டி. மெழுகுப் போட்டியை அவர் மறந்துவிட்டார். குளிரை மறக்கவில்லை. காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தார்.

குளிர் உண்டாக்கும் எந்திரத்தை முதன்முதலில் செய்தவர் லிண்டே அல்ல. அதையும் சொல்லிவிட வேண்டும். பெர்க்கின்ஸ் என்பவர் 1834-லேயே இங்கிலாந்தில் வழி காட்டினார். அமெரிக்காவில் கோரி என்ற டாக்டர், காய்ச்சலில் தவித்த நோயாளிகளுக்காக ஐஸ் எந்திரம் செய்தார். 1855-ல் ஏழையாக இறந்தார். ஆஸ்திரேலியாவில் ஹாரிசன் என்ற பத்திரிகை ஆசிரியர், அச்சு எழுத்தை ஈதர் ஊற்றித் துடைத்தபோது கை சில்லிட்டதைக் கவனித்து ஐஸ் எந்திரம் செய்தாராம். பத்திரிகைக்காரர்களுக்கும் எப்போதாவது நல்ல யோசனை வருவது உண்டு!

அவர்கள் எல்லாம் கை போன போக்கில் செய்து பார்த்தார்கள். லிண்டே கணக்குப் போட்டுச் செய்தார். ஒரு கூடை கரியை எரித்தால் எவ்வளவு குளிர் கிடைக்க வேண்டும், உண்மையில் எவ்வளவு கிடைக்கிறது, மிச்சம் எங்கே போகிறது என்று தேடினார். 1870, 1871 ஆண்டுகளில் பவேரியத் தொழில் பத்திரிகையில் கட்டுரை எழுதினார்.

அந்தக் கட்டுரைகளைத் தேடிப்பிடித்துப் படித்தவர்கள் பீர் ஆலைக்காரர்கள். பவேரியாவில் காய்ச்சும் பீர் வகைக்கு நுரைக்கும்போதும் குளிர் வேண்டும், பாதாள அறையில் கிடக்கும்போதும் குளிர் வேண்டும். வெயில் காலத்தில் கெட்டுப்போகும். 1553-ல் தொடங்கி சுமார் 300 ஆண்டுகள் வரை, கோடையில் பீர் காய்ச்சவே கூடாது என்று அங்கே சட்டம் இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆலைக்காரர்கள் குளிர்காலத்தில் குளத்து ஐஸை வெட்டி மலை போல் குவித்து வைப்பார்கள். குளிர் குறைந்த ஆண்டில் அவர்கள் பாடு திண்டாட்டம்.

இன்று பாலையும் மருந்தையும் காப்பாற்றும் குளிர்பெட்டிக்கு முதல் பணம் மது ஆலையில் இருந்து வந்தது. பலருக்கு இது பிடிக்காமல் இருக்கலாம். நடந்தது அதுதான்.

1873-ல் மியூனிச்சில் உள்ள ஸ்பாடன் ஆலையின் முதலாளி செட்ல்மையர் பண உதவி செய்ய முன்வந்தார். ஆக்ஸ்பர்க் நகரத்து எந்திரத் தொழிற்சாலையில் முதல் எந்திரம் உருவாயிற்று. 1874-ல் ஓட்டிப் பார்த்தார்கள்.

ஒழுகிற்று! எந்திரத்துக்குள் ஓடவிட்டது மெதில் ஈதர் என்ற திரவம். பொறி பட்டால் தீப்பிடிக்கும். ஒழுகாமல் அடைக்க லிண்டே பாதரசத்தை வைத்துப் பார்த்தார். அது சரிப்படவில்லை. ஒரு நாள் ஆலையே வெடித்துப் போகலாம் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது.

முதல் எந்திரம் உருப்படவில்லை என்றால், வேறு ஒருவர் கல்லூரிப் பாடத்தோடு நின்றிருப்பார். லிண்டே ஈதரைத் தூக்கி எறிந்துவிட்டு அம்மோனியாவை எடுத்தார். கூடவே எந்திரத்தின் அமைப்பையும் மாற்றினார். 1876-ல் இரண்டாவது எந்திரம் ஓடிற்று. திரியஸ்ட் நகரத்து டிரேகர் பீர் ஆலைக்கு ஓர் எந்திரம் போயிற்று. அது 31 ஆண்டுகள் ஓடி 1908-ல்தான் ஓய்வு பெற்றது.

சைக்கிள் பம்பும் அம்மோனியாவும்

குளிர் எப்படி வருகிறது? கையில் கொஞ்சம் ஸ்பிரிட்டைத் தடவிப் பாருங்கள். ஊசி போடும் முன்பு நர்ஸ் தடவுவாரே, அதே ஸ்பிரிட்தான். அது ஆவியாகப் போகும்போது கையில் இருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. கை சில்லிடுகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான்.

அம்மோனியா இதில் கெட்டிக்காரப் பொருள். தண்ணீர் கொதிக்க 100 டிகிரி வேண்டும். அம்மோனியாவோ, ஐஸைவிடக் குளிர்ந்த நிலையில், பூஜ்யத்துக்கும் கீழே 33 டிகிரியில் கொதிக்கும். கொதிக்கும்போது சுற்றி இருப்பதன் வெப்பத்தை எல்லாம் வாங்கிக்கொள்ளும்.

ஆவியாகிப் போன அம்மோனியாவை விட்டுவிட்டால் நஷ்டம். அதைத் திரும்பப் பிடித்துத் திரவம் ஆக்க வேண்டும். அதற்குத்தான் கம்ப்ரசர். பெரிய சைக்கிள் பம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டருக்குள் ஒரு பிஸ்டன் முன்னும் பின்னும் போகிறது. பின்னால் வரும்போது ஒரு வால்வு திறந்து ஆவியை உள்ளே இழுக்கிறது. முன்னால் போகும்போது அந்த வால்வு மூடிக்கொள்கிறது. ஆவி அமுங்குகிறது. சூடாகிறது. சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடிப்பாகம் சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். இன்னொரு வால்வு வழியாகச் சூடான ஆவி வெளியே போகிறது. குழாய்களில் சுற்றி வரும்போது தண்ணீரோ காற்றோ பட்டு ஆறுகிறது. மறுபடி திரவம் ஆகிறது. பிறகு சிறு துவாரம் வழியாகக் குளிர் அறைக்குள் நுழைந்து மீண்டும் கொதிக்கிறது. இப்படியே சுற்றிச் சுற்றி வருகிறது.

அம்மோனியா மூக்கைத் துளைக்கும். கண் எரியும். அதிகம் சுவாசித்தால் ஆபத்து. ஆனால் கொஞ்சம் கசிந்தாலும் உடனே தெரிந்துவிடும். செம்பை அரித்துவிடும் என்பதால் இரும்புக் குழாய்தான் போட வேண்டும். பிஸ்டன் தண்டு வெளியே வரும் இடத்தில் கசியாமல் இருக்க, லிண்டே கிளிசரினால் ஒரு தடுப்பு அமைத்தார். சிலிண்டரைப் படுக்கப் போட்டார். பிஸ்டன் போகும்போதும் வரும்போதும், இரு பக்கமும் அமுக்கும்படி செய்தார். சிலிண்டர் முனையில் வீணாக மிஞ்சும் இடத்தை முடிந்தவரை குறைத்தார். அந்த மிச்ச இடத்தில் தங்கும் ஆவி திரும்ப விரிந்து, புது ஆவிக்கு வழி விடாமல் அடைத்துக்கொள்ளும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

உத்தியோகத்தை விட்டார்

இப்போது லிண்டேக்கு ஒரு சோதனை வந்தது. கல்லூரியில் நிரந்தர உத்தியோகம். நல்ல பெயர். வீட்டில் பிள்ளைகள். எந்திரமோ இப்போதுதான் ஓடத் தொடங்கி இருக்கிறது. இரண்டையும் பார்க்க முடியாது. எதை விடுவது?

1879-ல் லிண்டே உத்தியோகத்தை விட்டார். அப்போது வயது 37. சில ஆலை முதலாளிகளுடன் சேர்ந்து வீஸ்பாடன் நகரில் கம்பெனி தொடங்கினார். லிண்டே ஐஸ் எந்திரக் கம்பெனி என்று பெயர்.

ஆரம்பத்தில் வியாபாரம் மந்தம். ஐஸ் குளத்தில் சும்மா கிடைக்கும்போது எந்திரம் எதற்கு என்று கேட்டவர்கள் அதிகம். அவர்களுக்கு எல்லாம் இயற்கையே பதில் சொல்லிற்று. 1883-84 குளிர்காலத்தில் ஐரோப்பாவில் சரியாகக் குளிரவே இல்லை! குளங்கள் உறையவில்லை. ஆலைக்காரர்கள் லிண்டேயின் வாசலில் வந்து நின்றார்கள். 1890-க்குள் 747 எந்திரங்கள் விற்றன. பீர் ஆலை மட்டும் அல்ல, இறைச்சிக் கிடங்கு, பால் பண்ணை என்று பல இடங்களுக்கும் போயின.

டீசலையும் லிண்டே தம் கம்பெனியில் சேர்த்துக்கொண்டார். பாரீஸ் நகருக்கு அனுப்பினார். மாணவர் குருவின் எந்திரங்களை ஓட்டிக்கொண்டே தம் சொந்த என்ஜினைப் பற்றிக் கனவு கண்டார். 1897-ல் அந்தக் கனவு பலித்தது, அதே ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில்.

சென்னையிலும் காலம் மாறிற்று. 1874-லேயே இங்கே நீராவியால் ஐஸ் செய்யும் கம்பெனி ஒன்று வந்துவிட்டது. அமெரிக்கக் கப்பல்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

ஏரி மதகும் எந்திரமும்

கடைக்காரரின் குளிர்பெட்டிக்குத் திரும்புவோம். எந்திரம் ஏன் நின்று நின்று ஓடுகிறது?

தாமல் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். நாற்று நடும்போது வயலுக்கு நிறையத் தண்ணீர் வேண்டும். கதிர் முற்றியதும் அவ்வளவு வேண்டாம். மதகை எப்போதும் முழுக்கத் திறந்து வைத்தால் என்ன ஆகும்? பயிர் அழுகும். ஏரியும் வற்றும். அதனால்தான் மதகைத் தேவைக்குத் தக்கபடி திறந்து மூட ஆள் வைத்தார்கள். காஞ்சிபுரம் பக்கத்தில் அவருக்குக் கம்புகட்டி என்று பெயர்.

குளிர் எந்திரத்துக்கும் ஒரு கம்புகட்டி வேண்டும். ஏன் என்றால், எந்திரத்தை மிகக் கடுமையான வெயில் நாளைக் கணக்கிட்டுத்தான் வாங்குகிறார்கள். மற்ற நாட்களில் அவ்வளவு குளிர் தேவை இல்லை.

காஞ்சிபுரத்தில் குளிர்சாதன வசதி உள்ள ஒரு பட்டுச் சேலைக் கடை. முகூர்த்த மாதம். கல்யாண வீட்டார் பத்துப் பேர், இருபது பேர் என்று கூட்டமாக வந்து உட்காருகிறார்கள். ஓர் ஆள் சும்மா உட்கார்ந்திருந்தாலே 100 வாட் பழைய குண்டு பல்பு அளவுக்கு வெப்பம் விடுகிறார். இருநூறு பேர் இருந்தால் இருநூறு பல்பு! மார்கழியில் கல்யாணம் கிடையாது. கடையில் ஈ ஓடுகிறது. அதே எந்திரம் அதே வேகத்தில் ஓடினால், சேலை எடுத்துப் போடும் பையன் நடுங்கிப் போவான். பால் குளிரூட்டும் நிலையத்திலும் இப்படித்தான். காலையும் மாலையும் கறந்த பால் வந்து குவியும்போது எந்திரத்துக்கு மூச்சு விட நேரம் இருக்காது. நடுப்பகலில் வேலை குறைவு. அப்போதும் முழு வேகத்தில் இழுத்தால், குழாயில் பனி அப்பிக்கொள்ளும். பாலே உறையத் தொடங்கும். உள்ளே இழுக்க ஆவி போதாமல் கம்ப்ரசர் வெறுமனே உழைக்கும். மின்சாரக் கட்டணம் மட்டும் ஏறும்.

லிண்டேயின் காலத்தில் இதற்கு வழி சுலபம். அவருடைய கம்ப்ரசரை ஓட்டியது நீராவி என்ஜின். குளிர் அதிகம் என்றால், என்ஜின் டிரைவர் நீராவிக் குழாயின் திருகைக் கொஞ்சம் மூடுவார். சக்கரம் மெதுவாகச் சுற்றும். குளிர் குறையும். இரண்டு எந்திரம் இருந்தால் ஒன்றை நிறுத்திவிடுவார். கம்புகட்டி ஒரு மனிதர்தான்.

பிறகு மின்சார மோட்டார் வந்தது. சங்கடமும் கூடவே வந்தது. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைகிறது. சாதாரண மோட்டாரின் வேகம் அந்த எண்ணிக்கைக்குக் கட்டுப்பட்டது. ஒரே வேகத்தில்தான் ஓடும். திருகி மூட நீராவிக் குழாய் கிடையாது.

வீட்டுக் குளிர்பெட்டி சின்னது. அதனால் நிறுத்தி நிறுத்தி ஓட்டினாலே போதும். உள்ளே வெப்பத்தை உணரும் ஒரு சிறு கருவி இருக்கிறது. போதுமான குளிர் வந்ததும் அது மின்சாரத்தை வெட்டிவிடுகிறது. கடையில் கேட்ட "டொக்" சத்தம் அதுதான். சூடு ஏறியதும் இணைத்துவிடுகிறது.

பெரிய எந்திரத்தில் இந்த வித்தை செல்லாது. மோட்டார் புறப்படும் நேரத்தில், ஓடும்போது இழுப்பதைப் போல் ஐந்து, ஆறு மடங்கு மின்சாரம் இழுக்கும். மணிக்குப் பல முறை நிறுத்தி ஓட்டினால் மோட்டார் சுருள் கருகிவிடும். உள்ளே இருக்கும் எண்ணெயும் நிலை குலையும். அப்படியானால் எந்திரம் நிற்கவும் கூடாது, முழு வேலையும் செய்யக் கூடாது. என்ன செய்வது?

என்ஜினீயர்கள் ஓர் அழகான தந்திரம் கண்டார்கள். நான்கு, ஆறு, எட்டு சிலிண்டர் உள்ள கம்ப்ரசர்களைச் செய்தார்கள். வேலை குறையும்போது ஒரு சிலிண்டரின் உறிஞ்சும் வால்வை மூடவிடாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். பிஸ்டன் ஆவியை உள்ளே இழுக்கிறது. அமுக்கப் போகிறது. வால்வுதான் திறந்து கிடக்கிறதே! ஆவி வந்த வழியே திரும்பிப் போய்விடுகிறது. பிஸ்டன் ஏறி இறங்குகிறது; வேலை நடப்பது இல்லை. கவலை இறைக்கும் கிணற்றில், சாலைக் கழற்றிவிட்டு வெறும் கயிற்றை மாடுகள் இழுத்துப் போவதைப் போல. மாடு நடக்கும், தண்ணீர் வராது, மாட்டுக்குக் களைப்பும் இல்லை.

நான்கு சிலிண்டரில் ஒன்றை இப்படிச் சும்மா விட்டால் குளிர் முக்கால் பங்கு. இரண்டை விட்டால் பாதி. மூன்றை விட்டால் கால். மின்சாரமும் ஏறக்குறைய அதே அளவில் குறையும். முழுக் கணக்காகக் குறையாது. உராய்வுக்கு என்று கொஞ்சம் போகத்தான் செய்யும்.

வால்வைத் தூக்குவது யார்? பல எந்திரங்களில் ஒரு வில் சுருளும் எண்ணெயும் இந்த வேலையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. எண்ணெய் அழுத்தம் இல்லாதபோது வில் சுருள் வால்வைத் தூக்கி நிறுத்தும். அழுத்தம் வந்ததும் வில் சுருள் அடங்கி, வால்வு ஒழுங்காக மூடித் திறக்கத் தொடங்கும். உறிஞ்சும் பக்கத்து அழுத்தத்தையோ, தண்ணீரின் குளிரையோ அறிந்து, எந்தச் சிலிண்டருக்கு எண்ணெய் அனுப்புவது என்று கட்டுப்பாட்டுக் கருவி தீர்மானிக்கிறது. இதில் இன்னொரு லாபமும் உண்டு. எந்திரம் புறப்படும்போது எண்ணெய் அழுத்தம் இருக்காது. எனவே சிலிண்டர்கள் சும்மா இருக்கும். மோட்டார் பாரம் இல்லாமல் சுலபமாகக் கிளம்பும். பாரவண்டியை மேட்டில் நிறுத்திக் கிளப்புவதற்கும், வெறும் வண்டியைச் சமதரையில் கிளப்புவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

வேறு வழிகளும் இருக்கின்றன. லிண்டே பாடுபட்டுக் குறைத்தாரே சிலிண்டர் முனையில் மிச்ச இடம், அதையே வேண்டும் என்று பெரிதாக்குவது ஒன்று. அங்கே ஒரு சிறு அறையைத் திறந்துவிட்டால், தங்கும் ஆவி அதிகமாகும். புது ஆவி குறையும். குளிர் குறையும். குருவுக்குக் குறையாகத் தெரிந்தது சீடர்களுக்குக் கருவி ஆயிற்று!

அமுக்கிய சூடான ஆவியில் ஒரு பகுதியைக் குளிர்ப் பக்கத்துக்கே திருப்பி விடுவது இன்னொன்று. அரைத்த மாவையே மறுபடி அரைப்பது போன்ற வேலை இது. மின்சாரம் மிச்சம் ஆகாது. வேலை மிக மிகக் குறைந்துபோகும் சமயத்தில் எந்திரம் நிற்காமல் இருக்க வேண்டும் என்றால் மட்டும் இது சரி.

இப்போது வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் ஏ.சி., இன்வெர்ட்டர் குளிர்பெட்டி என்று விளம்பரம் பார்க்கிறோம். அது என்ன? வினாடிக்கு 50 என்ற மின்சாரத்தின் கணக்கையே மின்னணுக் கருவியால் கூட்டிக் குறைக்கிறார்கள். மோட்டார் வேகமாகவும் மெதுவாகவும் ஓடுகிறது. அதிலும் ஓர் எல்லை உண்டு. ஒரேயடியாக வேகத்தைக் குறைத்தால் எண்ணெய் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. மற்றபடி, மீசை முறுக்கிய டிரைவர் நீராவித் திருகைத் திருப்பிச் செய்த அதே வேலைதான் இது.

காற்றைத் தண்ணீராக்கினார்

1890-ல் லிண்டே கம்பெனி நிர்வாகத்தில் இருந்து விலகிக்கொண்டார். மியூனிச்சுக்குத் திரும்பினார். வேறு ஒருவராக இருந்தால் பேரன் பேத்திகளுடன் காலம் கழித்திருப்பார்.

1892-ல் டப்ளின் நகரத்துக் கின்னஸ் ஆலை, கரியமில வாயுவைத் திரவம் ஆக்கும் எந்திரம் கேட்டது. அந்த வேலை லிண்டேக்குப் பழைய பசியைக் கிளப்பிவிட்டது. கரியமில வாயு என்ன, நாம் சுவாசிக்கும் காற்றையே திரவம் ஆக்கினால் என்ன?

அமுக்கிய காற்றைச் சிறு துவாரம் வழியாக வெளியே விட்டால் சற்றுக் குளிரும். மிகக் கொஞ்சம்தான். லிண்டே அந்தக் கொஞ்சத்தைச் சேர்த்து வைத்தார். குளிர்ந்த காற்றை, அடுத்து வரும் காற்றுக் குழாயைச் சுற்றித் திருப்பிவிட்டார். அடுத்த காற்று இன்னும் குளிர்ந்தது. அதற்கு அடுத்தது அதைவிடக் குளிர்ந்தது. வட்டிக்கு வட்டி போல் குளிர் ஏறிற்று.

1895 மே மாதம் எந்திரத்தை ஓட்டினார்கள். முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள், லேசான நீல நிறத்தில் திரவக் காற்று வடிந்தது! அதன் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 190 டிகிரி. இங்கிலாந்தில் ஹாம்ப்சன் என்பவரும் அதே சமயத்தில் இதே வழியைக் கண்டார். அதனால் இருவர் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

1897-ல் பவேரியா அவருக்கு பிரபுப் பட்டம் கொடுத்தது. கல்லூரிப் பட்டம் பெறாமல் விரட்டப்பட்டவர் கார்ல் வான் லிண்டே ஆனார்.

திரவக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொதிக்க விட்டால் நைட்ரஜன் முதலில் போகும். பிராண வாயு தங்கும். 1902-ல் சுத்தமான பிராண வாயுவைப் பிரித்து எடுத்தார். அவருடைய பிள்ளைகள் பிரெடெரிக்கும் ரிச்சர்டும் தகப்பனாருடன் சேர்ந்து உழைத்தார்கள்.

2021-ல் கொரோனா இரண்டாவது அலை நம் நாட்டைத் தாக்கியது நினைவு இருக்கும். மூச்சு விட முடியாமல் மக்கள் தவித்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் உறவினர்கள் லாரியை எதிர்பார்த்துக் கண்ணீரோடு காத்திருந்தார்கள். அந்த லாரிகளில் வந்தது திரவப் பிராண வாயு. காற்றைக் குளிர வைத்துப் பிரித்து எடுத்தது. ரெயிலிலும் விமானத்திலும் டாங்கிகளை ஏற்றி இறக்கினார்கள்.

லிண்டே நீண்ட ஆயுள் வாழ்ந்தார். 1903-ல் மியூனிச்சில் ஜெர்மன் பொருட்காட்சிச் சாலை தொடங்கியபோது, அதற்கு உழைத்தவர்களில் அவரும் ஒருவர். 1916-ல் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி முடித்தார். முதல் உலகப் போரைப் பார்த்தார். டீசல் 1913-ல் கடலில் மறைந்துபோனார் என்ற செய்தியையும் கேட்க நேர்ந்தது.

1934-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி மியூனிச்சில் லிண்டே காலமானார். அப்போது அவருக்கு வயது 92.